நன்னாரி ருசியில எப்பங்க கிரியேட்டின் விடுவீங்க?

கொஞ்ச நாளா என் போன்ல ஒரே கூத்துங்க.

ஒரு சப்ளிமெண்ட் கம்பெனி (பேரு வேண்டாம், ஓசி விளம்பரம் எதுக்கு) புது ருசியில கிரியேட்டின் விடப் போறாங்களாம். என்ன ருசின்னு சொல்ல மாட்டாங்களாம். நாமளே கண்டுபிடிக்கணுமாம். முதல்ல ஒரு டப்பா, மேல கறுப்புத் துணி போத்தி. அடுத்த படத்துல துணி சித்தெ வெலகி, ஓரத்துல ஒரு மஞ்சக் கலரு. அதுக்கடுத்து ஒரே ஒரு சொட்டு மெதுவா, ரொம்ப மெதுவா விழுது. பின்னால இடி இடிக்குது.

கீழ பசங்க ஏலம் விடறாங்க. மாங்கான்னு ஒருத்தன். அன்னாசின்னு ஒருத்தன். "பலாப்பழமா மட்டும் இருந்துச்சு, மொத ஆளா வாங்கிருவேன்"னு இன்னொருத்தன்.

எனக்குச் சிரிப்பு ஒரு பக்கம், எரிச்சல் ஒரு பக்கம். ஷிப்மெண்ட் தேதி கழுத்துல உக்காந்திருக்குது, பையர் மெயிலு பதிலுக்குக் காத்துக் கெடக்குது, நான் என்னடான்னா அந்த மஞ்சக் கலரை ரெண்டு விரல்ல பெருசு பண்ணிப் பாத்துட்டு இருக்கறேன். துணிக் கலர் பாக்கற பேண்டோன் புக்குல இது எந்தப் பக்கம்னு வேற மனசு தேடுது.

மண்டைக்குள்ள இவ்வளவு ஓடுதுன்னா, எழுதித் தீத்துருவோம்னு உக்காந்துட்டேன்.

புதுசா வந்தவங்களுக்கு ஒரு வார்த்தை. நான் திருப்பூர். பி.என்.ரோட்டுப் பக்கம் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில மெர்ச்சண்டைசர். பையருக்கும் டையிங்காரருக்கும் நடுவுல, பகல் பூரா ரெண்டு பக்கமும் அடி வாங்கற உத்தியோகம். பொழுதோட ஜிம்மு.

எங்கூரு ஜிம்மு பத்தி வெளியூர்க்காரங்களுக்குத் தெரியாது. ராத்திரி பத்து மணிக்கும் எடை கீழ விழற சத்தம் கேக்கும். ஒன்றரை ஷிப்ட் முடிஞ்சு எட்டரைக்குத்தான் பசங்க கம்பெனிய விட்டே வெளிய வராங்க. கட்டிங் டேபிள்ல நாள் பூரா நின்னவன், நிட்டிங் மெஷின் ஓட்டினவன், ஒடிசாவுல இருந்து வந்த பேட்லாக் டெய்லரு, எல்லாரும் ஒரே கண்ணாடி முன்னால. சனிக்கிழமை சம்பளம் வாங்கின கையோட சப்ளிமெண்ட் கடையில நிப்பாங்க.

அதனாலதான் இந்த ருசி விஷயம் எனக்கு லேசா படல. வாரக் கூலில இருந்து எடுத்து வாங்கற பொருளு இது.

சரி, கிரியேட்டின்னா என்ன? தெரிஞ்சவங்க அடுத்த பத்திக்குத் தாவிக்கோங்க.

நம்ம உடம்பே தயார் பண்ற ஒரு பொருளு. ஈரலும் கிட்னியும் சேந்து ஒரு நாளைக்கு ஒரு கிராம் சுமாருக்குச் செய்யுது. கறி, மீன் சாப்பிட்டா அதுலருந்தும் கொஞ்சம் வருது. வந்ததுல நூத்துக்குத் தொண்ணூத்தஞ்சு பங்கு தசையில போய்த் தங்கிக்குது. ஒரு 20 கிலோ துணி ரோலைத் தம் கட்டித் தூக்கறோம்ல, அந்த மொத சில விநாடிக்கு உடனடி சக்தி வேணும். தீந்து போன சக்தியை அந்த நேரத்துல சட்டுனு திருப்பி நிரப்பறது இதோட வேலை. மாரத்தான் ஓடறதுக்குப் பெருசா ஒத்தாசை இல்ல. தூக்கறது, குதிக்கறது, கபடியில ஒரே பாய்ச்சலா கோட்டைத் தொடறது, இதுக்கெல்லாம் ஆகும்.

மருந்து கெடையாது. ஸ்டீராய்டு கெடையவே கெடையாது. (எங்க ஜிம்முக்குப் பொண்ணைச் சேத்த வர்ற அம்மாக்கள் கேக்கற மொதக் கேள்வியே இதான்.) உலக ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்பான வாடாவோட தடைப் பட்டியல்லயும் இது இல்ல.

இப்போ அந்த விளம்பரத்துல வர்ற "புதுசு"ங்கற வார்த்தைக்கு வருவோம்.

1832-ல ஷெவ்ரேல்னு ஒரு பிரெஞ்சு வேதியியல்காரர் கறியில இருந்து இதைப் பிரிச்சு எடுத்துட்டாரு. 1847-ல ஜெர்மனிக்காரர் லீபிக் நரிங்களை வெச்சுப் பாத்தாரு. காட்டுல ஓடித் திரிஞ்சு வேட்டையில செத்த நரியோட கறியில, கூண்டுல உக்காந்து தின்ன நரிய விடப் பல மடங்கு கிரியேட்டின் இருந்துச்சாம். (நரியா இருந்தாலும் ஒழைச்சாத்தான் ஒடம்புல ஒட்டும். எங்க ஜிம் மாஸ்டர் இதைக் கேட்டா போர்டுல எழுதி மாட்டிருவாரு.)

அப்புறம் ரொம்ப காலம் இது ஆய்வுக்கூடத்தோட கெடந்துச்சு. 1992-ல ராஜர் ஹாரிஸ்ங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும், இதை வாயால சாப்பிட்டாலே தசையில அளவு கூடுதுன்னு காட்டினாங்க. அதே வருஷம் பார்சிலோனா ஒலிம்பிக்ஸ். 100 மீட்டர்ல தங்கம் அடிச்ச லின்ஃபோர்டு கிறிஸ்டி இதை எடுத்துக்கிட்டவருன்னு லண்டன் பத்திரிகையில வந்துச்சு. அவ்வளவுதான், அடுத்த வருஷமே அமெரிக்காவுல டப்பாவுல அடைச்சு விக்க ஆரம்பிச்சுட்டாங்க.

ஆக, பொருளுக்கு வயசு இருநூறு வருஷம் ஆகப் போகுது. முப்பது வருஷத்துக்கு மேல எல்லாரும் எடுத்துட்டும் இருக்காங்க. நடுவுல ஹைட்ரோகுளோரைடு, எத்தில் எஸ்டர், பஃபர் பண்ணினதுன்னு விதவிதமா விட்டுப் பாத்தாங்க. சாதா மோனோஹைட்ரேட்டை விட இது மேலுன்னு ஒண்ணையும் ஒழுங்கா நிரூபிக்க முடியல. 2017-ல சர்வதேச விளையாட்டு ஊட்டச்சத்துச் சங்கம் எல்லா ஆய்வையும் அலசிட்டு, மோனோஹைட்ரேட்டே போதும்னு சொல்லிருச்சு.

அப்போ ஒரு கம்பெனி இதுல புதுசா என்னதான் விட முடியும்? ருசி மட்டும்தான். இடி, மின்னல், கறுப்புத் துணி எல்லாம் அந்த ருசிக்குத்தான்.

அதுக்காக ருசியைக் கேவலமாப் பேசறேன்னு நெனைக்காதீங்க. வெறும் பொடியைக் கலக்கிக் குடிச்சவங்களுக்குத் தெரியும் அந்த அவஸ்தை.

கசப்பெல்லாம் இல்லைங்க. கசந்தாக்கூட ஒரு குணம் இருக்குதுன்னு சொல்லலாம். இது லேசா, எதுவும் இல்லாத ஒரு ருசி. அதோட பல்லுல நறநறன்னு மாட்டும். நல்லா ஆட்டிட்டுக் குடிச்சாலும் கடைசி வாயில அடியில தங்கினது மொத்தமும் வந்து உக்காந்துக்கும். மறுபடி தண்ணி ஊத்தி, அலசி, அதையும் குடிச்சு... பாத்திரம் கழுவற வேலையை வாய்க்குள்ள செய்யற கணக்கு.

இதுக்குக் காரணம் இருக்குது. சாதா தண்ணியில ஒரு லிட்டருக்கு 14 கிராம் வரைக்கும்தான் கிரியேட்டின் கரையும். ஃப்ரிட்ஜ் தண்ணின்னா 6 கிராம்தான். ஒரு டம்ளர் ஜில்லுத் தண்ணியில 5 கிராம் போட்டு எவ்வளவு ஆட்டினாலும் பாதிக்கு மேல கரையாதுங்க. தோளு வலிக்கறதுதான் மிச்சம். அதுவே 60 டிகிரிச் சூட்டுல லிட்டருக்கு 45 கிராம் கரையும்.

(டையிங் பக்கம் வேலை செய்யறவங்களுக்கு இதை நான் சொல்லித் தரணுமா? சூடு ஏறாம சாயம் ஒழுங்காக் கரையாதுன்னு அவங்க தூக்கத்துலயும் சொல்வாங்க.)

அதனால நான் என்னென்னவோ கலந்து பாத்திருக்கறேன். பட்டியல் இதோ:

மோரு. நல்ல யோசனைன்னு தோணும். மோருல நறநறன்னு ஏதாவது வந்தா மனசு கல்லுன்னுதான் நெனைக்குது. நிம்மதியாக் குடிக்க முடியல.

கம்மங்கூழ். இது அருமை. கூழே கொஞ்சம் கொரகொரன்னு இருக்கறதால பொடி இருக்கறதே தெரியாது. ஆனா ஆபீஸ்ல தினமும் யாரு கரைச்சு வெச்சுத் தருவா?

இளநீ. வேஸ்ட்டு. பொடி இளநியோட ருசியையும் கெடுத்துச்சு, இளநி பொடியோட ருசியை மறைக்கவும் இல்ல.

எலுமிச்சம்பழ ஜூஸ், உப்புப் போட்டு. குடிக்க நல்லாருக்கும். இதுல ஒரு சூட்சுமம் இருக்குது, கீழ சொல்றேன்.

டீ. இதுதாங்க ஜெயிச்சது. கம்பெனியில டீ டைம் மணி அடிச்சதும் வர்ற சூடான டீ. போட்டுக் கலக்கினா அடியில ஒண்ணும் நிக்காது, டீ ருசியே மேல நிக்கும். "டீயில காபின் இருக்குதே, அது கிரியேட்டினைக் கெடுத்துருமே"ன்னு கேப்பாங்க. 1996-ல ஒரு ஆய்வு அப்படிச் சொல்லுச்சு, நெசந்தான். ஆனா அதுல கொடுத்த காபின் அளவு பெருசு. அதுக்கப்புறம் வந்த முடிவுகளும் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப் போகல. கம்பெனி டீயில இருக்கற காபினுக்கு நான் பயப்படறதில்ல. (கம்பெனி டீயில டீத்தூளே இருக்குதான்னு ஒரு சந்தேகம் இருக்குது, அது வேற கதை.)

இவ்வளவு பாடு படறதுக்கு ருசி போட்ட டப்பா வந்தா நல்லதுதானே?

நல்லதுதான். கிரியேட்டின் இன்னிக்குப் போட்டா இன்னிக்கு வேலை செய்யாது. தசை நெறையணும். ஒரு நாளைக்கு 3 கிராம் வீதம் எடுத்தா நெறைய நாலு வாரம் ஆகும். அவசரக்காரங்க நாளைக்கு 20 கிராம்னு அஞ்சாறு நாள் போட்டு சீக்கிரம் நெரப்புவாங்க. (வயிறு கலக்கும், பாத்துக்கோங்க.) கடைசியில ரெண்டு பேரும் ஒரே எடத்துலதான் வந்து நிப்பாங்க. அதனால தினமும் மறக்காம எடுக்கறவங்களுக்குத்தான் பலன். ருசி நல்லாருந்தாத் தினமும் கை போகும். அந்த ஒரு காரணத்துக்காக ருசிக்கு நான் கட்சி கட்டறேன்.

ஆனா...

இங்கதான் எனக்குள்ள இருக்கற மெர்ச்சண்டைசர் முழிச்சுக்கறா.

எங்க தொழில்ல ஒரு சாமான் இருக்குது. ஜிஎஸ்எம் கட்டர். (ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம்ங்கறதுதான் ஜிஎஸ்எம்.) வட்டமா, கைக்கு அடக்கமா இருக்கும். துணி மேல வெச்சு ஒரு அழுத்து, ஒரு திருகு. சரியா 100 சதுர சென்டிமீட்டர் வட்டத் துண்டு வெட்டிக் கையில வரும். அதை மேசையில இருக்கற சின்னத் தராசுல போடுவோம். 1.80 கிராம்னு காட்டுச்சுன்னா துணி 180 ஜிஎஸ்எம். மில்லுக்காரர் சீட்டுல 180-ன்னு எழுதியிருக்கலாம், அவரு சொந்தக்காரராக்கூட இருக்கலாம், அதெல்லாம் செல்லாது. தராசு சொல்றதுதான் கணக்கு. 1.65 காட்டுச்சுன்னா துணி திரும்பிப் போகும்.

இந்த ஊருல எந்தத் துணியையும் லேபிளைப் பாத்து நாங்க நம்பினது கெடையாது. ஏன்னா லேபிளைத் தைக்கறதே நாங்கதான்!

அதே தராசுல ஜிம் டப்பா ஸ்கூப்பைப் போட்டா என்ன தப்புன்னு ஒரு நாள் போட்டேன்.

ஸ்கூப்பை லேசா அள்ளித் தட்டையா வழிச்சா ஒரு எடை. அழுத்தி அள்ளினா ஒரு எடை. கோபுரமா அள்ளினா அதுக்கும் மேல. ஒரே ஸ்கூப்பு, ஒரே பொடி, ஆளுக்கு ஆளு கணக்கு மாறுது. கட்டிங் மாஸ்டர் எட்டிப் பாத்து, "என்னக்கா, புதுசா பவுடர் துணியா?"ன்னாரு.

அது சின்ன விஷயம். பெரிய விஷயம் டப்பா முதுகுல இருந்துச்சு.

ருசி போட்ட பொடியில ஒரு ஸ்கூப்பு எடை வேற, அதுக்குள்ள இருக்கற கிரியேட்டின் எடை வேற. மிச்சம் இருக்கற எடம் யாருக்கு? புளிப்புக்கு சிட்ரிக் ஆசிட் (லேபிள்ல ஐஎன்எஸ் 330), மாலிக் ஆசிட் (296). இனிப்புக்கு சுக்ரலோஸ் (955), அசிசல்ஃபேம் பொட்டாசியம் (950). கட்டி தட்டாம இருக்க சிலிக்கான் டை ஆக்சைடு (551). அப்புறம் கலரு, வாசனை. இதெல்லாம் அனுமதிச்ச பொருளுங்கதான், நான் பூச்சாண்டி காட்டல. ஆனா கிரியேட்டின் வெலைக்கு சிட்ரிக் ஆசிட் வாங்கறமான்னு கேக்கறதுக்கு எனக்கு உரிமை இருக்குதுல்ல?

ஒரு கணக்குப் போடுவோம். எந்த பிராண்டும் இல்ல, வெறும் கணக்கு.

ருசி இல்லாத டப்பா, 250 கிராம், 750 ரூபாய்னு வெச்சுக்கோங்க. கிராமுக்கு 3 ரூபாய். நாளைக்கு 3 கிராம்னா 9 ரூபாய்.

ருசி டப்பா, அதே 250 கிராம், 900 ரூபாய். "நூத்தம்பதுதானே கூட, பரவால்ல"ன்னு தோணும். முதுகைத் திருப்பிப் பாருங்க. 5 கிராம் ஸ்கூப்புக்கு 3 கிராம் கிரியேட்டின்னு போட்டிருந்தா, டப்பாவுல மொத்தமே 150 கிராம்தான். கிராமுக்கு 6 ரூபாய். நாளைக்கு 18.

நூத்தம்பது ரூபாய் கூடன்னு நெனைச்சது நெசத்துல ரெண்டு மடங்கு.

இன்னொரு பொடிக் கணக்கும் இருக்குது. மோனோஹைட்ரேட்டுங்கறதுல ஒரு பங்கு தண்ணி சேந்தே இருக்கும். 100 கிராம் மோனோஹைட்ரேட்டுல கிரியேட்டின் 88 கிராம் கிட்டத்தான். இதுல ஏமாத்து ஒண்ணும் இல்ல, பொருளோட குணமே அதான். ஆனா லேபிள்ல "கிரியேட்டின் 3 கிராம்"னு போட்டிருக்குதா, "கிரியேட்டின் மோனோஹைட்ரேட் 3 கிராம்"னு போட்டிருக்குதான்னு பாத்துக்கோங்க. ரெண்டும் ஒண்ணு இல்ல.

லேபிளை இப்படி நோண்டறது அதிகப்பிரசங்கித்தனம்னு நெனைக்கறவங்களுக்கு ஒண்ணு சொல்றேன். கேரளாவுல சிரியாக் ஆபி பிலிப்ஸ்னு ஒரு கல்லீரல் டாக்டர். அவரும் கூட இருந்தவங்களும் சொந்தக் காசைப் போட்டு, இந்தியாவுல விக்கற 36 புரோட்டீன் பொடிகளை வாங்கிச் சோதிச்சாங்க. 2024 ஏப்ரல்ல முடிவை வெளியிட்டாங்க. 100-க்கு 70 பொடி கிட்ட, லேபிள்ல சொன்ன அளவுக்குப் புரோட்டீன் சரியா இல்ல. அது புரோட்டீன், இது கிரியேட்டின், சரிதான். ஆனா ரெண்டும் அதே கடை, அதே அலமாரி.

வரி பத்தியும் ஒரு வார்த்தை. (வரின்னாலே இந்த ஊருக்கு வயித்தைக் கலக்கும். 2025 ஆகஸ்ட்ல அமெரிக்கா 50 சதவீதம்னு போட்டப்போ பல கம்பெனியில ஆர்டரே நின்னுச்சு.) இது நல்ல வரி. 2025 செப்டம்பர் 22-ல ஜிஎஸ்டி மாத்தினாங்கல்ல, அப்போ 2500 ரூபாய் வரைக்கும் இருக்கற துணிமணிக்கு 5 சதவீதம்னு ஆச்சு. அதே நாள்ல இந்த மாதிரி ஊட்டச்சத்துப் பொடிகள் வர்ற தலைப்புக்கும் 18-லருந்து 5-க்கு எறங்குச்சு. ஆக பனியனுக்கும் பொடிக்கும் இப்போ ஒரே வரி. வரி எறங்கின அளவுக்கு டப்பா வெலை எறங்குச்சான்னு உங்க பழைய பில்லை எடுத்துப் பாருங்க. நான் பாத்தேன். பெருமூச்சு விட்டேன்.

இப்போ அந்த எலுமிச்சம்பழ சூட்சுமம்.

கிரியேட்டின் பொடியா இருக்கற வரைக்கும் வருஷக்கணக்கா கெடாது. தண்ணியில கரைஞ்சு, அதுவும் புளிப்புத் தண்ணியில கரைஞ்சு நின்னா, மெல்ல மெல்லக் கிரியாட்டினின்ங்கற கழிவுப் பொருளா மாறிரும். நல்ல புளிப்பான தண்ணியில 25 டிகிரியில மூணு நாள் வெச்சா அஞ்சுல ஒரு பங்கு போயிரும். நம்மூரு வெயிலுக்கு இன்னும் வெரசாவே போகும். பாட்டில்ல கலந்து ரெடியா விக்கற கிரியேட்டின் ஜூஸு இதனாலதான் இவ்வளவு வருஷமாப் பெருசா எடுபடல.

ருசி டப்பா பெரும்பாலும் புளிப்புத்தான். பொடியா இருக்கறப்போ அதுல ஒண்ணும் கெட்டுப் போறதில்ல. கலந்ததும் குடிச்சாலும் பிரச்சினை இல்ல. ஆனா ஞாயித்துக்கெழமையே ரெண்டு லிட்டர் பாட்டில்ல கலக்கி வெச்சு வாரம் பூரா குடிக்கற புண்ணியவான்கள் எங்க ஜிம்முல இருக்காங்க. அவங்களுக்காகத்தான் இந்தப் பத்தி. கலக்கினா குடிச்சுருங்க, சாமி.

அப்புறம் மழைக் காலம். புளிப்பு சேந்த பொடி ஈரத்தை இழுத்துக் கட்டியாப் போகும். எங்க பேக்கிங் செக்‌ஷன்ல பெட்டிக்குள்ள போடற சிலிக்கா ஜெல் பாக்கெட்டு மாதிரியே டப்பாக்குள்ளயும் ஒண்ணு இருக்கும். அதைத் தூக்கி வீசாதீங்க. ஈர ஸ்கூப்பை உள்ள விடாதீங்க. (அந்தப் பாக்கெட்டை ஷேக்கர்ல போட்டு ஆட்டின ஒரு ஆளை எனக்குத் தெரியும். கிழியல. சாமி காப்பாத்துச்சு.)

எங்க வீட்டுல ஒரு நிரந்தர விசாரணைக் கமிஷன் உண்டு. எங்க அத்தை.

"ஏனம்மிணி, அந்த வெள்ளப் பொடியக் குடிச்சா கிட்னி போயிருமாமே? பக்கத்தூட்டு அக்கா சொல்லுச்சு."

"இல்லீங்கத்தை. நல்லா இருக்கற கிட்னிக்கு ஒண்ணும் ஆகாதுங்க. முப்பது வருஷமாப் பாத்துட்டாங்க."

"அப்பறம் எதுக்கு அந்த டெஸ்ட்டுல கூடக் காட்டுது?"

அத்தை கேட்டது நல்ல கேள்வி. உடம்புல இருக்கற கிரியேட்டின் தினமும் கொஞ்சம் கிரியாட்டினினா மாறி மூத்திரத்துல போகுது. கிட்னி எப்படி இருக்குதுன்னு பாக்க டாக்டருங்க ரத்தத்துல அந்தக் கிரியாட்டினினைத்தான் அளக்கறாங்க. நாம கிரியேட்டின் எடுத்தா அந்த அளவு சித்தெ கூடக் காட்டலாம், கிட்னி நல்லா இருந்தாலும். அதனால ரத்தம் குடுக்கறப்போ "கிரியேட்டின் எடுக்கறேனுங்க"ன்னு டாக்டர்கிட்டச் சொல்லிருங்க. சந்தேகம்னா சிஸ்டாட்டின்-சின்னு வேற ஒரு டெஸ்ட்டு எழுதுவாரு.

ஏற்கெனவே கிட்னியில கோளாறு இருக்கறவங்க, ரொம்ப வருஷமா சுகர், பிபி இருக்கறவங்க, மாசமா இருக்கறவங்க, பால் குடுக்கறவங்க டாக்டரைக் கேக்காம தொடவே தொடாதீங்க. இதுல வெளையாட்டு இல்ல.

மொத வாரத்துலயே எடை ஒரு கிலோ, ரெண்டு கிலோ கூடலாம். தசைக்குள்ள தண்ணி சேர்றது. கொழுப்பு இல்ல. பொண்ணுங்க பாதிப் பேரு இதைப் பாத்துட்டுத்தான் டப்பாவை மூடி வெச்சுடறாங்க. மூடாதீங்க. சைவம் சாப்பிடறவங்களுக்கு இது இன்னும் நல்லாப் பிடிக்கும், ஏன்னா அவங்க தசையில ஆரம்ப அளவே கம்மி. கறி தின்னு சரிக்கட்டறேன்னு சொல்றவங்களுக்கு: 3 கிராம் கிரியேட்டின் வேணும்னா கோழிக்கறி கிட்டத்தட்ட ஒரு கிலோ தினமும் திங்கணும். பள்ளிபாளையம் சிக்கன் எனக்கும் உசுருதான். ஆனா தினமும் ஒரு கிலோவுக்கு வீட்டுல யாரு சின்ன வெங்காயம் உரிக்கறது?

சரி, ருசிக்கு வருவோம். இதை எழுத ஆரம்பிச்சதே அதுக்குத்தான்.

இதுவரைக்கும் கடையில பாத்த ருசிங்க: ப்ளூ ராஸ்ப்பெரி. கிவி. தர்ப்பூசணி. கோலா. ஃப்ரூட் பஞ்ச்.

ப்ளூ ராஸ்ப்பெரின்னு ஒரு பழத்தை இந்தத் திருப்பூர் மார்க்கெட்டுல யாராச்சும் பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்ல. குடிச்சா நாக்கு நீலமாகுது, அவ்வளவுதான் தெரியுது. கலர் ஃபாஸ்ட்னஸ் டெஸ்ட்டுல மட்டும் நாலரை மார்க்கு குடுப்பேன், நாக்கை விட்டுப் போகவே மாட்டேங்குது.

எனக்கு வேணுங்கறது இதெல்லாம்:

நன்னாரி. சர்பத் கடையில எலுமிச்சை பிழிஞ்சு தருவாங்கல்ல, அந்த ருசி. லேசான கசப்பு, மண்ணு வாசம், அப்புறம் இனிப்பு. கிரியேட்டினோட ஒண்ணுமில்லாத ருசியை மூடறதுக்கு இதை விட்டா ஆளு இல்ல.

பன்னீர் சோடா. கேஸ் இல்லாட்டியும் பரவால்ல, அந்த ரோஸ் வாசம் போதும். ஷேக்கரைத் திறந்தா ஜிம்முல ஒரு நிமிஷம் கல்யாண மண்டபம் மணக்கணும்.

மாங்கா, உப்பு, மொளகாப் பொடி. ஸ்கூல் வாசல்ல வித்தது. ஒடம்புக்கும் உப்பு வேணும், வேர்வை விட்டவங்களுக்கு.

போவண்டோ. 1916-லருந்து இருக்கற காளிமார்க் கம்பெனி மனசு வெச்சா நடக்கும். கோலா ருசியில விடறவங்களுக்கு, கறுப்புத் திராட்சை வாசம் வர்ற நம்மூரு சரக்கு கண்ணுக்குத் தெரியலையா?

சுக்கு மல்லி. இது சூடாக் குடிக்கற ருசி. சூட்டுல கரையும்னு மேலயே சொன்னேன்ல! நறநறப்புப் பிரச்சினையும் தீந்துது, ருசியும் ஆச்சு. இதை யாரும் இன்னும் யோசிக்காதது எனக்கு ஆச்சரியமா இருக்குது. ஒரு சாஷே, ஒரு டம்ளர் சுடுதண்ணி, டீ டைம் மணி. பனியன் கம்பெனி ஒவ்வொண்ணுலயும் விக்கும், எழுதி வெச்சுக்கோங்க.

(மசாலா மோரும் மனசுல இருந்துச்சு. எங்க ஜிம் மாஸ்டர் வேண்டான்னுட்டாரு. காரணம் கேட்டேன். "மோரு மோரா இருக்கட்டும்க்கா"ன்னாரு. அதுக்கு மேல வாதாட என்ன இருக்குது?)

இந்த மஞ்சக் கலரு டப்பா என்னைக்கோ ஒரு நாள் தொறக்கும். மாங்காயோ அன்னாசியோ ஏதோ ஒண்ணு. மொத நாளே பசங்க வரிசையில நிப்பாங்க, "மொத 500 பேருக்கு ஷேக்கர் ஃப்ரீ"ன்னு போடுவாங்க, நானும் அந்தப் பக்கத்தைத் தொறந்து பாப்பேன். ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது. புது ருசின்னா எனக்கும் ஆசைதான்.

ஆனா வாங்கறதுக்கு முன்னால முன்பக்கத்துல போட்டிருக்கற எருமைப் படத்தையும் மின்னலையும் விட்டுட்டு, டப்பாவைத் திருப்பி இதைப் பாருங்க:

ஒரு ஸ்கூப்பு எத்தனை கிராம், அதுல கிரியேட்டின் எத்தனை கிராம்? "புரோப்ரைட்டரி பிளெண்ட்"னு மூடி மறைச்சிருந்தா கீழ வெச்சுருங்க.

மொத்த வெலையை மொத்த கிரியேட்டின் கிராமால வகுங்க. அதுதான் நெசமான வெலை.

எஃப்எஸ்எஸ்ஏஐ லைசென்ஸ் நம்பரு, 14 இலக்கம், இருக்குதா? "மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல"ன்னு இங்கிலீஷ்ல இருக்குதா?

மாவட்ட அளவுல, மாநில அளவுல ஆடற பசங்களா இருந்தா, தனி ஆய்வுக்கூடத்துல தொகுதி தொகுதியாச் சோதிச்ச முத்திரை இருக்குதா? கிரியேட்டினுக்குத் தடை இல்ல. ஆனா அதோட கலந்து வந்த வேற ஏதாவது மாட்டி விட்டா ஆட்டம் போச்சு.

நாலும் சரியா இருந்து, ருசி நாக்குக்குப் பிடிச்சு, அந்த ருசிக்காகத் தினமும் எடுப்பீங்கன்னா, கூடக் குடுக்கற காசுக்கு அர்த்தம் இருக்குது. சந்தோஷமா வாங்குங்க. ஒண்ணு சரியில்லைன்னாலும் ருசியில்லாத சாதாப் பொடியை வாங்கி டீயில போடுங்க. தசைக்கு நாக்கு கெடையாது. உள்ள போனதுக்கப்புறம் மாம்பழமும் ஒண்ணுதான், மண்ணும் ஒண்ணுதான்.

நன்னாரி டப்பா யாராச்சும் விட்டீங்கன்னா மட்டும் எனக்குச் சொல்லி அனுப்புங்க. மொத டப்பா எனக்கு. தராசு எங்கிட்ட இருக்குது.